தொலைபேசியும் கணினியும் – 9: பதில் சொல்லக் கற்ற மோடம்

சென்ற பகுதி 1968-இல் வந்த கார்ட்டர்ஃபோன் தீர்ப்போடு நின்றது. அந்தத் தீர்ப்பும், அதைப் பின்பற்றி 1970-களின் நடுவில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்த பதிவு விதிகளும் சேர்ந்துதான் தொலைபேசிக் கம்பெனிக்குச் சொந்தமில்லாத கருவியை நேராகக் கம்பியில் மாட்டலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தன. கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர்கள் பலர். அவர்களில் ஹேய்ஸ் என்ற ஒரு கம்பெனி 1981-இல் வகுத்த கட்டளை முறை மட்டும் இன்றுவரை பிழைத்திருக்கிறது. கம்பெனி பிழைக்கவில்லை, 1994-இல் திவால் மனு கொடுத்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது, 1999-இல் அதன் சொத்துகள் விற்கப்பட்டன. உடல் போய் மொழி மட்டும் எப்படி நின்றது என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி. எழுத்துகளால் கட்டளை கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள், அதனால் நின்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பாதி உண்மை. மோடத்துக்குக் கட்டளை கொடுக்க அதற்கு முன்பும் வழி இருந்தது. என்ன நடந்தது என்று மோடம் தன் வாயால் சொல்வதற்குத்தான் வழி இல்லை. ஹேய்ஸ் முறையைக் காப்பாற்றியது அதன் பதில்கள் என்பதே என் வாதம். மோடத்துக்கு நிரல் எழுதுவது என்ற தொழிலின் பெரும்பகுதி அந்தப் பதில்களைப் படிப்பதாகவே இருந்தது என்பது அதற்கு முதல் சாட்சி.

முன்பிருந்த நிலையைப் பார்த்தால் இது விளங்கும். பெல் நிறுவனத்தின் 103 மோடம் 1962-இல் வந்தது. வேகம் நொடிக்கு 300 பிட். எண்ணைச் சுழற்றுவது மனிதர் வேலை; மறுமுனையில் கீச்சொலி கேட்டதும் இணைப்பை மோடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கணினியே அழைக்க வேண்டுமானால் 801 என்ற தனிப் பெட்டி தேவைப்பட்டது. அதற்குக் கணினியில் தனி போர்ட், தனிக் கேபிள். பிற்பாடு ஆர்எஸ்-366 என்று தரப்படுத்தப்பட்ட இணைப்பு அது. தொலைபேசி எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் நான்கு கம்பிகளில் இரும வடிவில் ஒரே நேரத்தில் போகும். அடுத்த இலக்கத்தைக் கொடு என்று கேட்க ஒரு கம்பி, இதோ கொடுத்துவிட்டேன் என்று சொல்ல இன்னொரு கம்பி. ஆக, கட்டளைப் பாதை ஒழுங்காகத்தான் இருந்தது, சொல்லப்போனால் மிகையான ஒழுங்கு. பதில் பாதைதான் வறண்டு கிடந்தது. அழைப்பு தோற்றால் ‘இதைக் கைவிட்டு மறுபடி முயல்’ என்ற ஒரே ஒரு கம்பி உயரும். அதுவும் காரணம் அறிந்து உயர்வதில்லை. உள்ளே ஓடும் கடிகாரத்தின் கெடு முடிந்ததால் உயர்வது. மறுமுனை பிஸியா, யாரும் எடுக்கவில்லையா, எடுத்தது மோடம் அல்லாமல் ஒரு மனிதரா என்று நிரலுக்குத் தெரியாது. தெரியாத நிரலால் செய்யக்கூடியது ஒன்றுதான்: காத்திருந்து மறுபடி அழைப்பது.

டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் அட்லாண்டாவில் நேஷனல் டேட்டா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர்கள். 1977-இல் அவர்கள் சேர்ந்து விற்கத் தொடங்கியது ஸ்மார்ட்மோடத்தை அல்ல. எஸ்-100 வகைக் கணினிகளின் உள்ளே செருகும் 80-103ஏ என்ற அட்டையைத்தான் முதலில் விற்றார்கள். பிறகு ஆப்பிள் II-க்கு ஓர் அட்டை செய்தார்கள். அட்டை கணினியின் உள்ளே இருந்ததால் நிரல் அதன் பதிவகங்களைத் தொட்டு வேலை வாங்கியது. ஒரு பிட்டை எழுதினால் ரிசீவர் எடுத்தது போல, இன்னொரு பிட்டைப் படித்தால் கேரியர், அதாவது மறுமுனை மோடத்தின் ஒலி, வந்ததா என்று தெரியும். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கணினி வகை மாறினால் அட்டையும் மாற வேண்டும், நிரலும் மாற வேண்டும். அந்த ஆண்டுகளில் கணினி வகைகளோ மழைக்காலக் காளான்கள். எல்லாக் கணினிகளிலும் பொதுவாக இருந்தது ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு ஒன்றே. ஆகவே மோடத்தைப் பெட்டியாக வெளியே எடுத்து அந்த இணைப்பில் மாட்டினால் எல்லோருக்கும் விற்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் பதிவகங்கள் போய்விட்டன. கையில் மிஞ்சியது பைட்டுகள் போகவும் வரவும் ஆன ஒரு ஜோடிக் கம்பி. கட்டளையும் அதில்தான் போக வேண்டும், பதிலும் அதில்தான் வர வேண்டும். வணிகத் தேவை ஒன்று இப்படிப் பொறியியல் முடிவாக இறங்கியது. பெட்டிக்குள் ஒரு சிறு நுண்செயலியை வைத்து, வரும் எழுத்துகளைப் படிக்கவும் திருப்பிப் பதில் எழுதவும் செய்தார்கள். 1981-இல் வந்த அந்தப் பெட்டிக்கு ஸ்மார்ட்மோடம் என்று பெயர்.

ஒவ்வொரு கட்டளையும் ‘ஏ’, ‘டி’ என்ற இரு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். இந்தத் தேர்வில் ஒரு நுட்பம் உண்டு, சற்று நின்று பார்க்கத் தக்கது. சீரியல் கம்பியில் பிட்டுகள் கடைசிப் பிட்டிலிருந்து தொடங்கிப் போகும். ‘ஏ’ எழுத்தின் ஆஸ்கி வடிவம் 1000001. எழுத்துக்கு முன்னால் போகும் தொடக்கப் பிட் 0, அடுத்து வருவது ‘ஏ’யின் கடைசிப் பிட்டான 1. ஆகவே தொடக்கப் பிட்டின் அகலத்தை அளந்தாலே கணினி எந்த வேகத்தில் அனுப்புகிறது என்று மோடத்துக்குத் தெரிந்துவிடும். ‘ஏ’யில் 1-கள் இரண்டு, 1010100 என்ற ‘டி’யில் மூன்று. ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை என்பதால் இரண்டையும் பார்த்துப் பாரிட்டி (பிழையறியச் சேர்க்கும் பிட்டின் முறை) என்னவென்றும் கணித்துவிடலாம். இவ்வளவு மெனக்கெட்டது எதற்காக? கட்டளையைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமல்ல. அதே வேகத்தில், அதே பாரிட்டியில் பதில் சொல்ல வேண்டியிருந்ததற்காகவும்தான். பேச்சைத் தொடங்குபவரின் நடைக்கு ஏற்ப மறுமொழி சொல்லும் கருவி அது. பதில்கள் முதலில் ஐந்தே: ஓகே, கனெக்ட், ரிங், நோ கேரியர், எரர். சொல்லாக வேண்டாம், எண்ணாகப் போதும் என்பவர்களுக்கு 0 முதல் 4 வரை அவற்றுக்கே எண்கள்.

ஐந்து சொற்கள்தானே, படிப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலாவது, மோடம் கட்டளையையே எதிரொலிக்கும். எதிரொலியை நிறுத்தாத நிரல் தான் அனுப்பியதையே பதிலென்று படித்துக் குழம்பும். சொல்லாக வரும் பதிலுக்கு முன்னும் பின்னும் வரிமாற்றக் குறிகள் உண்டு. எண்ணாக வந்தால் பின்னால் மட்டும் ஒன்று. எண்ணாக வாங்குவது சுலபம் என்று நம்பியவர்களுக்கு அடுத்த தலைமுறை மோடம் ஓர் அதிர்ச்சியைக் கொடுத்தது: வெறும் 1 என்றால் கனெக்ட், 10 என்றால் 2400 வேகத்தில் கனெக்ட். முதல் எழுத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வந்த நிரல்கள் தவறான வேகத்தில் மாட்டிக்கொண்டன. 1200 வேகத்தில் கட்டளை கொடுத்த கணினிக்கு மறுமுனை 300-தான் என்று தெரிந்தால், மோடம் பழைய வேகத்தில் பதிலைச் சொல்லிவிட்டுப் புதிய வேகத்துக்கு மாறிவிடும்; நிரலும் அந்தப் பதிலைப் படித்த கையோடு தன் போர்ட்டை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் விடக் கொடுமையான விதி ஒன்று உண்டு: எண்ணைச் சுழற்றி முடித்து கேரியருக்காகக் காத்திருக்கும்போது கணினியிடமிருந்து எந்த எழுத்து வந்தாலும் மோடம் அழைப்பை அறுத்துவிடும். பொறுமையிழந்து ஒரு என்டர் அனுப்பிய நிரல் தன் அழைப்பைத் தானே கொன்றது. மோடம் கேரியருக்காகக் காத்திருக்கும் நேரமோ எஸ்7 என்ற பதிவகத்தில் இருந்தது, முதல் ஸ்மார்ட்மோடத்தில் 30 நொடி. நிரலின் பொறுமை அதைவிட நீளமாக இருக்க வேண்டும். 20 நொடியில் அலுத்துப்போகும் நிரல், இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் இணைப்பை இழந்துவிடும். இவற்றில் கட்டளையைப் பற்றிய சிக்கல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளை அனுப்புவது ஒரு வரி. பதிலை வாங்குவது ஒரு நிலைப்பொறி.

இந்தச் சுமையை நிரலர்கள் ஏன் முணுமுணுக்காமல் ஏற்றார்கள்? பழகிய சுமை என்பதால். மைக் லெஸ்க் பெல் ஆய்வகத்தில் எழுதி, 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பரவிய யூயூசிபி என்ற மென்பொருள், ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளைப் பரிமாறுவதற்கானது. அழைப்பைச் செய்து கொடுத்தது 801 பெட்டி. இணைப்பு கிடைத்த பிறகு, மறுமுனைக் கணினி மனிதரிடம் கேட்பது போலவே ‘லாகின்’ என்று கேட்கும், கடவுச்சொல் கேட்கும். அதற்காக, இன்ன சொல் வரும் வரை காத்திரு, வந்ததும் இன்னதை அனுப்பு என்று ஜோடி ஜோடியாக எழுதிவைக்கும் ஓர் ஏற்பாட்டை யூயூசிபி வைத்திருந்தது. ஸ்மார்ட்மோடமும் அதன் வாரிசுகளும் வந்தபோது இந்த ஏற்பாடு அப்படியே மோடத்துக்கும் பொருந்திவிட்டது. 1983-இல் பீட்டர் ஹனிமேன், டேவிட் நோவிட்ஸ், பிரையன் ரெட்மன் மூவரும் திருத்தி எழுதிய பதிப்பில் மோடங்களுக்கென்றே ஒரு கோப்பு. அதன் ஒவ்வொரு வரியும் அதே காத்திரு–அனுப்பு ஜோடிகள்தான். ஓகே வரும் வரை காத்திரு, எண்ணை அனுப்பு, கனெக்ட் வரும் வரை காத்திரு. தொலைவில் உள்ள கணினியும் மேசைமேல் உள்ள மோடமும் நிரலின் கண்ணில் ஒரே இனம், இரண்டும் எழுத்தில் பதில் சொல்பவை. புதிய மோடம் வந்தால் நிரலைத் தொட வேண்டாம், ஒரு வரி சேர்த்தால் போதும். பதில் எழுத்தாக இல்லாமல் கம்பியின் மின்னழுத்தமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வீட்டுக் கணினியிலும் கதை அதுவே. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பீசியின் பேசிக் மொழியில் சீரியல் போர்ட்டை ஒரு கோப்பு போலத் திறந்து எழுதவும் படிக்கவும் முடிந்தது. சில வரி பேசிக் தெரிந்த பள்ளி மாணவர்கூட மோடத்தோடு பேசிவிடலாம்.

இங்கே முதல் மறுப்பு எழும். ஆர்எஸ்-232 இணைப்பில் 25 முனைகள் இருந்தனவே. கேரியர் உண்டா என்று சொல்ல 8-ஆம் முனை, மணி அடிக்கிறது என்று சொல்ல 22-ஆம் முனை, கணினி தயார் என்று சொல்ல 20-ஆம் முனை எல்லாம் முதலிலிருந்தே இருந்தன. பதிலை எழுத்தில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? மறுப்பில் நியாயம் இருக்கிறது, பிறகு அதற்கே திரும்பி வரவும் வேண்டியிருக்கும். ஆனால் ஒரு முனை சொல்லக்கூடியது ஆம் அல்லது இல்லை. கேரியர் வரவில்லை என்று சொல்லும், ஏன் வரவில்லை என்று சொல்லாது. நடைமுறையிலோ விலை குறைந்த கேபிள்கள் பலவற்றில் மூன்றே கம்பிகள்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, தரைக்கு ஒன்று. ஸ்மார்ட்மோடம் இதை எதிர்பார்த்திருந்தது. பெட்டிக்குள் இருந்த சிறு ஸ்விட்சுகளில் ஒன்று, கேரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 8-ஆம் முனையை எப்போதும் உயர்த்தியே வைக்கும். முனையை நம்ப முடியாத உலகத்துக்கென்று செய்யப்பட்ட பெட்டி அது. அந்த உலகத்தில் எழுத்துப் பதில் மட்டுமே எல்லாக் கேபிள்களிலும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கடிதத்தையும் தபால்காரர் சொல்லும் சேதியையும் ஒரே உறைக்குள் போட்டால் எது எதுவென்று எப்படிப் பிரிப்பது? இணைப்பு கிடைத்த பின் கணினி அனுப்புவதெல்லாம் மறுமுனைக்குப் போகும். அப்போது மோடத்தைக் கூப்பிட்டு லைனைத் துண்டி என்று சொல்ல வேண்டுமானால்? ஹெதரிங்டனின் விடை நேரம். ஒரு நொடி மௌனம், மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு நொடி மௌனம். கோப்பின் நடுவே மூன்று கூட்டல் குறி வரலாம், ஆனால் இருபுறமும் மௌனத்தோடு வருவது அபூர்வம். இதற்கு 1985 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. பிற கம்பெனிகள் உரிமத் தொகை கொடுக்க மறுத்தன, வழக்கு நடந்தது, 1991-இல் ஜூரி ஹேய்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது, 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உரிமத்தைத் தவிர்க்க விரும்பியவர்கள் மௌனத்தை விட்டுவிட்டு, கூட்டல் குறிகளைத் தொடர்ந்து முறையான ஒரு கட்டளை வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அதன் விளைவு 1990-களின் பிற்பாதியில் தெரிந்தது. இணையத்தில் இருக்கும் ஒருவருக்கு, கூட்டல் குறிகளும் துண்டிக்கும் கட்டளையும் அடங்கிய பிங் ஒன்றை யாராவது அனுப்பினால், பிங்கின் இயல்புப்படி அவருடைய கணினி அதை அப்படியே திருப்பி அனுப்பும்; திரும்பும் வழியில் அது அவருடைய மோடத்தைக் கடக்கும்; மோடம் அதைத் தன் கணினியின் உத்தரவென்று எடுத்துக்கொண்டு லைனை அறுத்துவிடும். மௌனத்தைக் கேட்ட மோடங்களுக்கு இந்த நோய் இல்லை. ஆகவே இந்தக் கேட்டை ஒரே கம்பியில் இரண்டையும் அனுப்பிய முடிவின் மேல் போடுவது சரியல்ல. அந்த முடிவுக்குக் காவலாக இருந்த ஒரு நொடியைக் கழற்றியவர்களின் மேல்தான் போட வேண்டும்.

ஆனால் மறுப்பவர் இன்னும் ஒரு படி ஏறலாம், ஏறினால் அவரே வெல்வார். கட்டளைப் பக்கத்துக்குக் காவல் இருந்தது; பதில் பக்கத்துக்கு எதுவும் இல்லை. லைன் அறுந்தால் மோடம் ‘நோ கேரியர்’ என்று எழுதும். மறுமுனையில் இருப்பவர் அதே இரு சொற்களைத் தட்டினாலும் கணினிக்கு வந்து சேர்வது அதே பைட்டுகள். இரண்டுக்கும் வேறுபாடு காண எழுத்தை மட்டும் நம்பிய நிரலுக்கு வழியே இல்லை. செய்திப் பலகைகளில் எழுதியவர்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டு அந்தச் சொற்களைப் போட்டு முடிப்பதை ஒரு நகைச்சுவையாகவே வளர்த்தார்கள். ஏமாந்த நிரல்களும் உண்டு. இங்கேதான் 8-ஆம் முனைக்குத் திரும்ப வேண்டும். தேர்ந்த நிரலர்கள் கேரியர் முனையை உண்மையாகக் காட்டும்படி மோடத்துக்கு முதலிலேயே கட்டளை கொடுத்துவிட்டு, இணைப்பு இருக்கிறதா என்பதை முனையிடமும், இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதை எழுத்திடமும் கேட்டார்கள். ஹேய்ஸ் முறை தனித்து முழுமையானதல்ல என்பதை இது ஒப்புக்கொள்கிறது. அது தன் வேலையைத் தவறாகச் செய்தது என்று காட்டவில்லை.

மூன்றாவது மறுப்பு, எழுத்துப் பதில்கள் ஊருக்கொரு விதமாகப் போயின என்பது. போயின, மறுக்க முடியாது. பிஸி, டயல் டோன் இல்லை, யாரும் எடுக்கவில்லை என்ற பதில்கள் 2400 வேக மோடத்தோடு வந்தன. பிழைதிருத்தம், சுருக்கம் எல்லாம் சேர்ந்தபோது ஒவ்வொரு கம்பெனியும் கனெக்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் தன் வாலைச் சேர்த்தது. விண்டோஸ் 95-இல் ஒவ்வொரு மோடத்துக்கும் தரப்பட்ட விவரக் கோப்பில், அந்த மோடம் சொல்லக்கூடிய பதில்களின் பட்டியல் வரிவரியாக நீளும். அமெரிக்க டயல் டோனை எதிர்பார்த்த மோடங்கள் வேறு நாட்டு டயல் டோனைக் கேட்டு, லைனே இல்லை என்று சாதித்தன. டோனுக்குக் காத்திராமல் சுழற்று என்று எக்ஸ்3 கட்டளையைக் கொடுத்துச் சமாளிப்பது அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் பழக்கமானது. எனினும் இந்த எக்ஸ் கட்டளையே என் பக்கத்துச் சாட்சி. எக்ஸ்0 என்று சொன்னால் புதிய மோடமும் பழைய ஐந்து பதில்களையே சொல்லும். எண் ஏற ஏறப் பதில்களின் அகராதி விரியும். பழைய நிரல் உடையாமல் இருக்க ஹேய்ஸ் பூட்டி வைத்தது பதில்களைத்தான். எது உடைந்தால் எல்லாம் உடையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாற்று முறை ஒன்று இல்லாமலும் இல்லை. சர்வதேச அமைப்பு வகுத்த வி.25 பிஸ் என்ற முறை நிறுவனங்களின் ஒத்திசைவு லைன்களில் வாழ்ந்தது, வீடுகளுக்குள் வரவில்லை. கடைசியில் அதே சர்வதேச அமைப்பு ஹேய்ஸ் வழியையே தழுவி, வி.250 என்ற பெயரில் அதைத் தரமாக்கியது.

அதன் பிறகு நடந்ததை ஹேய்ஸ் கம்பெனியே எதிர்பார்த்திருக்காது. ஜிஎஸ்எம் கைப்பேசிகளுக்குத் தரம் வகுத்தவர்கள் கணினியும் கைப்பேசியும் பேச இந்த மொழியையே எடுத்துக்கொண்டார்கள். குறுஞ்செய்தி அனுப்பும் கட்டளை கொடுத்தால், மோடம் ஒரு கோணக் குறியைக் காட்டிச் செய்தியைக் கேட்கும். கன்ட்ரோல்-இசட் கிடைத்ததும் அனுப்பிவிட்டு ஓகே சொல்லும். புதிய செய்தி வந்தால் யாரும் கேட்காமலே அறிவிக்கும். கட்டளைக்கான பதில் பாதி வந்திருக்கும்போது இப்படிக் கேளாத செய்தி நடுவே புகுந்தால் பிரித்தறிவது நிரலின் பொறுப்பு. 1981-இல் ‘ரிங்’ கொடுத்த அதே தலைவலி. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தில் மாதிரியாகத் தரப்பட்ட கைப்பேசி அடுக்கைத் திறந்து பார்த்தால், பதில்களைப் படிப்பதற்கென்றே தனி இழை ஒன்று ஓடுகிறது. எந்தச் சொல் வந்தால் கட்டளை தோற்றது என்று கொள்ள வேண்டும் என்ற பட்டியலில் ‘நோ கேரியர்’ இருக்கிறது, பக்கத்தில் ‘சில வேளைகளில்!’ என்று நிரலர் எழுதிய ஆச்சரியக்குறியோடு. அந்த ஆச்சரியக்குறியில் முன்பிருந்த தலைமுறைகளின் பெருமூச்சு முழுவதும் இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயி வீட்டிலிருந்தபடி கைப்பேசியால் கிணற்று மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர்களிலும், பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்முறைத் திட்டத்துக்கு வாங்கும் சிம்800 போன்ற அட்டைகளிலும் நிரல் காத்திருப்பது அதே ஓகேவுக்குத்தான்.

கட்டளைகளில் பாதி இன்று யாருக்கும் தேவையில்லை. துடிப்பால் சுழற்றுவதா, டோனால் சுழற்றுவதா என்று இன்றைய மோடத்திடம் சொல்ல வேண்டிய வேலை இல்லை. பதில்களின் இலக்கணம் மாறவில்லை. மோடத்துக்கு நிரல் எழுத உட்காரும் எவரும் கட்டளைப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையேட்டில் பதில்களின் பக்கத்தை முதலில் படியுங்கள். இணைப்பு கிடைத்துவிட்டது, சரி. ஆனால் இரைச்சல் மிகுந்த அந்தக் கம்பியில் ஒரு கோப்பைச் சேதமில்லாமல் அனுப்புவது எப்படி? சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் 128 பைட் துண்டுகளாகக் கோப்பை வெட்டி அனுப்பிய கதை அடுத்த பகுதியில்.